ரத்தத்தில் வார்த்த முகம்

பிரிட்டிஷ் சிற்பி மார்க் குவின் 1991இல் தன் உருவத்தைச் செய்ய வெண்கலத்தையோ களிமண்ணையோ தேடவில்லை. ஏறத்தாழ ஐந்து மாதங்களில் சிறுகச் சிறுக எடுத்துச் சேர்த்த தன் ரத்தத்தைத் தன் தலையின் அச்சில் ஊற்றி உறையவைத்தார். அளவு சுமார் நாலரை லிட்டர். வளர்ந்த ஒருவரின் உடலில் ஓடும் ரத்தம் மொத்தமுமே அவ்வளவுதான். படைப்பின் பெயர் ‘செல்ஃப்’. கலைஞரின் உடலே ஊடகமாகும் தன்னுருவக் கலையின் வலுவையும் குறையையும் ஒருசேர எடைபோட இதைவிடப் பொருத்தமான சான்று குறைவு.

வலுவை முதலில் சொல்ல வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அந்தத் தலை, குளிரூட்டும் கருவி ஓடும்வரைதான் தலை. மின்சாரம் நின்றால் உருகி வடிவமிழந்துவிடும். அதைச் செய்த காலத்தில் குவின் மதுப்பழக்கத்தில் சிக்கியிருந்தவர். ஒன்றைச் சார்ந்தே உயிர்வாழும் நிலையை அவர் இங்கே சித்திரிக்கவில்லை. சிற்பத்தையே அந்த நிலையில் நிறுத்திவிட்டார். எண்ணெய் வண்ணம் மரண பயத்தைக் காட்டலாம். இந்தச் சிற்பமோ உண்மையிலேயே அழியக்கூடியது.

ஆனால் முகத்தை மட்டும் பாருங்கள். மூடிய கண்கள், ஒட்டிய உதடுகள். அச்சில் வார்த்தது என்பதால் எதை அழுத்திச் சொல்வது, எதை விடுவது என்று கை எடுக்கும் முடிவுகள் அதில் மிகக் குறைவு. அது ரத்தம் என்று யாரும் சொல்லாவிட்டால் கருஞ்சிவப்புத் தலை ஒன்றைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம். நம்மை உலுக்குவதில் பெரும்பங்கு அந்தத் தகவலுக்குத்தான். இந்தக் கலைமுறையின் பெரிய ஆபத்தும் இதுவே: பட்ட வலி, படைப்பின் தரத்துக்குச் சான்றிதழாகிவிடுகிறது.

அமெரிக்கக் கலைஞர் ஜெனைன் அன்டோனி இந்தப் பள்ளத்தில் விழவில்லை. 1993இல் தன் மார்பளவு உருவத்தை ஏழு முறை சாக்லேட்டிலும் ஏழு முறை சோப்பிலும் வார்த்தார். சாக்லேட் உருவங்களை நக்கினார். சோப்பு உருவங்களைக் குளிக்கப் பயன்படுத்தினார். மூக்கு மழுங்கியது, காதுகள் கரைந்தன, சில முகங்கள் அடையாளமே இழந்தன. இங்கே உடல்தான் உளி. ஆசையும் தூய்மையும் பெண்ணுடலின் மீது சுமத்தும் பாரம், தேய்ந்த அந்த முகங்களிலேயே தெரிகிறது.

குவினின் படைப்பைக் காப்பாற்றியது அவருடைய பொறுமை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிய ரத்தத்தில் புதிய தலை என்று அவர் தொடர்ந்தார். 2006ஆம் ஆண்டுத் தலையை லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகம் 2009இல் தன் சேகரிப்பில் சேர்த்தது. வரிசையாக வைத்துப் பார்க்கும்போது வயது முகத்தில் செய்யும் வேலை புலப்படுகிறது. தனித்தலையில் குறையாகத் தோன்றிய அச்சின் விசுவாசம், வரிசையில் பலமாக மாறுகிறது.

ஆகவே, கலைஞர் தன் உடலிலிருந்து எவ்வளவு கொடுத்தார் என்பதை அளவுகோலாகக் கொள்ள எனக்குச் சம்மதமில்லை. அந்த உடல் இல்லாமல் பிறக்கவே முடியாத ஒரு வடிவம் கண்ணெதிரே நிற்கிறதா என்பதே கேள்வி. அன்டோனி அதை ஒரே படைப்பில் சாதித்தார். குவினுக்கு அதற்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.