பச்சைப் பென்சில்

எழுதக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் என்றால் சிவப்பு மையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது ஜான் மெக்ஃபீயின் பச்சைப் பென்சில்.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1975 முதல் பல பத்தாண்டுகள் கட்டுரைக் கலையைக் கற்பித்தவர் அவர். அதற்கு முன் டைம் வார இதழில் வேலை பார்த்தார். அங்கே பக்கத்தில் இடம் போதாவிட்டால் கட்டுரை எழுதியவரிடமே திரும்பி வரும். ஐந்து வரியோ எட்டு வரியோ, எதை எடுக்கலாம் என்று அவரே பச்சைப் பென்சிலால் குறித்துக் கொடுக்க வேண்டும். வெட்டிய தடம் வாசகருக்குத் தெரியவே கூடாது.

இதை மெக்ஃபீ வகுப்புப் பயிற்சியாக்கினார். ஆபிரகாம் லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரையிலும் வரி குறைக்கச் சொன்னார். முந்நூறு சொல்கூட இல்லாத உரை அது! குறும்புதான். ஆனால் லிங்கனிடமே கைவைத்தவனுக்குத் தன் எழுத்தை வெட்ட ஏது தயக்கம்? பிறகு ஒவ்வொரு மாணவரையும் தனியே உட்காரவைத்து, அவரவர் கட்டுரையை எடுத்து அலசுவார். எந்தச் சொற்பொழிவும் இதற்கு ஈடாகாது என்பேன்.

அவரிடம் படித்தவர்களில் ஒருவர் டேவிட் ரெம்னிக். 1981-இல் பட்டம், அடுத்து வாஷிங்டன் போஸ்ட், மாஸ்கோ நிருபர் பணி, சோவியத் வீழ்ச்சி பற்றிய நூலுக்கு 1994-இல் புலிட்சர் பரிசு. 1998 முதல் நியூ யார்க்கர் இதழின் ஆசிரியர். மெக்ஃபீ 1960-களிலிருந்து எழுதிவந்த இதழ் அது. ரெம்னிக் ஆசிரியரானது முதல் குருவின் கட்டுரைகள் அங்கே சீடரின் பொறுப்பில்தான் வெளிவந்தன.