6001 வேண்டாம், 7001 ஜோடி போடுங்கள்

எம். புதுப்பட்டியில், வீட்டை ஒட்டிய பட்டறையில் நானே கட்டிய சி.என்.சி. ரூட்டர் சில மாதங்களாக ஓடுகிறது. அட்டைப்பெட்டி டைகளுக்குப் பிளைவுட் வெட்டுவதுதான் அதன் வேலை. 16 மி.மீ. பால் ஸ்க்ரூ, ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வு, மோட்டார் பக்கம் ஸ்க்ரூவைத் தாங்கும் பி.கே.12 பேரிங் பிளாக், மறுமுனையில் பி.எஃப்.12. சிறிய மெஷின் கட்டும் பலரும் வாங்குவது இதைத்தான். ஸ்க்ரூவும் நட்டும் கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கின்றன. பொறுமையைச் சோதித்தது பி.கே.12-க்குள் இருந்த பேரிங்.

வட்டம் வெட்டினால், திசை திரும்பும் இடத்தில் சிறு படி விழுந்தது. டையில் படி விழுந்தால் பிளேடு சரியாக உட்காராது. இப்படி நேர்ந்தால் முதல் பழி நட்டின் மேல்தான் விழும். ஸ்க்ரூவின் நுனியில் டயல் கேஜ் முள்ளை வைத்து, டேபிளை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். ஸ்க்ரூவே நகர்ந்தால் கோளாறு பேரிங் பக்கம்.

பிளாக்கைத் திறந்தேன். 7001 இருக்க வேண்டிய இடத்தில் 6001. இரண்டுக்குமே உள்விட்டம் 12, வெளிவிட்டம் 28, அகலம் 8 மி.மீ. மாற்றிப் போட்டாலும் வெளியே தெரியாது. 6001 முக்கியமாகப் பக்கச் சுமைக்கானது. அதற்குள் விட்டிருக்கும் மைக்ரான் கணக்கு இடைவெளி, தண்டின் நீளவாக்கில் பல மடங்கு ஆட்டமாகிவிடும். 7001-இல் குண்டுகள் சாய்வாகத் தாங்கும்; ஆங்குலர் கான்டாக்ட் என்பது இதைத்தான். இரண்டை எதிரெதிராக வைத்து இறுக்கினால் ஆட்டம் போய்விடும். இரண்டையும் ஒரே பக்கம் பார்க்க வைத்தால் ஒரு திசை உந்துதலைத்தான் தாங்கும். ஆங்குலர் கான்டாக்ட் என்று சொல்லி உள்ளே 6001 வைத்து விற்பது அப்பட்டமான ஏமாற்று.

6001-ஓடு 51101 த்ரஸ்ட் பேரிங் இரண்டைச் சேர்ப்பது இன்னொரு வழி. ஆட்டம் அதிலும் போகும். ஆனால் 51101 திறந்த பேரிங். பிளைவுட் தூள் புகாமல் மூடி நீங்களே செய்ய வேண்டும். பி.கே. பிளாக்கில் சீல் உண்டு என்பதால் நான் அதை விடவில்லை, என்.எஸ்.கே. 7001 ஜோடியை உள்ளே மாற்றினேன். படி மறைந்தது. பேரிங் விஷயத்தில் எனக்கு அந்தப் பெயர் மீது நம்பிக்கை அதிகம். இந்த முறையும் அது வீண்போகவில்லை.

மறுமுனையை மட்டும் இறுக்கிவிடாதீர்கள். பி.எஃப்.12-இல் இருக்கும் சாதாரண 6000 பேரிங்கே போதும். அது நீளவாக்கில் நகர இடம் வேண்டும். 600 மி.மீ. எஃகு ஸ்க்ரூ 10 டிகிரி சூடேறினால் சுமார் 0.07 மி.மீ. நீளும். நம் ஊர் சித்திரை வெயிலில் தகரக் கூரைப் பட்டறைக்கு அந்தச் சூடு பெரிதல்ல. இரு முனையும் பிடிபட்டால் ஸ்க்ரூ வளையும்.

என் தீர்ப்பு: பி.கே.12 பிளாக்கை வாங்கலாம், உள்ளே இருப்பதை நம்ப வேண்டாம். வந்தவுடன் திறந்து பேரிங் எண்ணைப் படியுங்கள். 6001 என்றிருந்தால், ஜோடியாகப் பொருத்துவதற்கென்றே வரும் 7001 கேட்டு வாங்கி மாற்றிவிட்டு மெஷினில் ஏற்றுங்கள்.