நிழலில் விளையும் இலை

பள்ளி நாட்களில் பொது அறிவுப் போட்டிக்கு மனப்பாடம் செய்த வினா ஒன்று: மிளகின் குடும்பத்தைச் சேர்ந்த, தாம்பூலத்தில் இடம்பெறும் இலை எது? வெற்றிலை என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டேன். அந்த விடையின் ருசி நாக்கில் பட்டது பல ஆண்டுகள் கழித்து, லால்பேட்டையில் கொடிக்கால் எனப்படும் வெற்றிலைத் தோட்டம் ஒன்றுக்குள் நின்றபோதுதான்.

"செருப்பை வரப்புலயே விட்டுட்டு வாங்க தம்பி" என்றார் கொடிக்கால்காரரான பாய். அடுத்த தோட்டத்து மண் காலோடு வந்தால் அழுகல் நோயும் கூடவே வந்துவிடும். வெறுங்காலோடு உள்ளே நுழைந்தேன். வெளியே பங்குனி வெயில்; உள்ளே ஈர மண்ணின் குளிர்ச்சி. வரிசை வரிசையாக அகத்தி. ஒவ்வொன்றையும் பற்றிக்கொண்டு ஏறும் கொடி. தலைக்குமேல் அகத்தியின் பொடி இலைகள் வெயிலைச் சலித்துச் சலித்துக் கீழே விடுகின்றன.

கொடிக்கால்காரரின் கலை இந்த நிழலில்தான் இருக்கிறது. வெயில் கூடினால் இலை தடித்து முரடாகும். குறைந்தால் கொடி சோர்ந்துவிடும். அதனால் முதலில் அகத்தியை வளர்த்து, அது நிழல் தரத் தொடங்கிய பிறகே வெற்றிலைக் கொடியின் துண்டுகளை நடுகிறார்கள். அகத்தி காற்றின் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கிறது, கொடிக்குக் கொழுகொம்பாகிறது, கழித்த தழை ஆட்டுக்குத் தீனியாகிறது, கீரை வீட்டுச் சட்டிக்குப் போகிறது. ஒரு மரத்தை இத்தனை வேலைக்கு வைத்துக்கொண்ட கெட்டிக்காரத்தனம் வேறு எந்தப் பயிரில் இருக்கிறது?

கொடி வளர வளர வாழைநாரால் அகத்தியோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். பாய் முடிச்சுப் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நாரைச் சுற்றி, ஒரு விரல் நுழையும் இடம் விட்டு, முறுக்கிச் செருகினார். இறுக்கினால் தண்டு நசுங்கும், தளர்த்தினால் காற்றில் சரியும். கொடி உயரம் போனதும் இறக்கி, தண்டை மண்ணில் சுருட்டிப் புதைத்து மறுபடி ஏற்றுகிறார்கள்.

தண்ணீரிலும் அதே பக்குவம் வேண்டும். மண் காயவும் கூடாது, வேரில் நீர் தேங்கவும் கூடாது. ஊரை ஒட்டிக் கிடக்கும் வீராணம் இந்த வட்டாரத்தின் உயிர். பத்தாம் நூற்றாண்டில் சோழ இளவரசர் இராசாதித்தர் வெட்டுவித்த ஏரி அது. கல்கியின் பொன்னியின் செல்வன் தொடங்குவதும் அதன் கரையில்தான். கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாக அதற்கு நீர் வருகிறது. 2004 முதல் சென்னையும் அந்த நீரைக் குடிக்கிறது.

இலை கிள்ளுவது விரல் நுனி வேலை. காம்போடு ஒரே வீச்சில் வரவேண்டும். கொடி அசையக் கூடாது. காம்பெல்லாம் ஒரு பக்கமாக அடுக்கி, நூறு சேர்ந்தால் ஒரு கவுளி. நிக்காஹ் வீட்டுக்கும் கோயில் தாம்பூலத்துக்கும் இதே கவுளிதான் போகிறது.

நல்ல இலையைக் கண்டுபிடிக்க நான் முதலில் காதைத்தான் நம்புவேன். மடித்தால் 'படக்'கென்று ஒடியவேண்டும். துவண்டால் நேற்றைய இலை. வெள்ளைக்கொடியின் இலை வெளிர்பச்சை, மென்மை. பச்சைக்கொடியின் இலை கரும்பச்சை, காரம் தூக்கல். பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றைக் கொண்டுவருபவை. அதனால் நான் வெறும் இலையை மட்டுமே மெல்லுகிறேன். இலையின் முழுக் குணமும் தெரிவது அப்போதுதான்.

பாய் கொடுத்த இலையின் நுனியையும் காம்பையும் கிள்ளிவிட்டு, முதுகு நரம்பை உரித்து, மடித்து வாயில் போட்டேன். முதலில் பச்சை வாசம். பிறகு நாக்கின் ஓரத்தில் மிளகின் உறவு தெரியும் காரம். அடுத்து கிராம்பின் சாயல்; கிராம்புக்கு மணம் தரும் யூஜெனால் இதிலும் இருக்கிறது. எல்லாம் அடங்கிய பின் மூச்சை உள்ளே இழுத்தால் தொண்டையில் ஒரு குளிர்ச்சி.

ஆத்தூர் வெற்றிலை 2023-லும் கும்பகோணம் வெற்றிலை 2025-லும் புவிசார் குறியீடு பெற்றன. அந்தச் செய்திகளைப் படித்தபோதெல்லாம் எனக்கு இந்தக் கொடிக்கால்தான் நினைவுக்கு வந்தது. விடைபெறும்போது பாய் அண்ணாந்து பார்த்து, ஒரு அகத்திக் கிளையை மட்டும் ஒடித்தார். காலணா அகலத்துக்கு வெயில் இறங்கி ஒரு கொழுந்தின்மேல் உட்கார்ந்தது. அடுத்த கிளைக்குப் போன கையை இழுத்துக்கொண்டார். "இது போதும்" என்றார்.