இடமறியா வரலாறு: தொடக்கப்பள்ளிக் கற்றல் நோக்கங்கள் குறித்து

மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் 2014ஆம் ஆண்டு முதல் வரலாறு, நான்காம் ஆண்டில் தொடங்கும் தனிப்பாடமாகக் கற்பிக்கப்பட்டு வருகிறது. அதற்கு முன்னர் ‘கஜியான் தெம்பாத்தான்’ என்னும் வட்டாரக் கல்விப் பாடத்தில் வரலாறும் புவியியலும் இணைந்திருந்தன. பாடம் பிரிந்தபோது வரலாறு தனித்து நின்றது; புவியியலோ இடைநிலைப்பள்ளிக்குரியதாயிற்று. எஸ்.பி.எம். சான்றிதழ் பெற 2013 முதல் வரலாற்றில் தேர்ச்சி கட்டாயமானதை நோக்கின் இம்மாற்றத்தின் பின்னணி விளங்கும். வரலாறு பெற்ற ஏற்றத்தில் நமக்குக் கருத்து வேறுபாடில்லை. அதனோடு நேர்ந்த இழப்பையே இங்கு ஆராய்கிறோம்.

கலைத்திட்ட ஆவணம் காலநிரலை அறிதல், சான்றுகளை ஆராய்தல், பொருள்கோடல், கற்பனை செய்தல், காரணங்காணல் என வரலாற்றுச் சிந்தனைத் திறன்கள் ஐந்தை வகுத்துள்ளது. பாராட்டத்தக்க வகுப்பே. ஆயினும் கற்றல் தரங்களில் ‘கூறுவர்’, ‘விளக்குவர்’ போன்ற வினைகளே மிகுதியும் ஆட்சி செய்கின்றன. கூறுவதற்குப் பாடநூல் போதும். ஆராய்வதற்குச் சான்று வேண்டும். நான்காம் ஆண்டின் முதல் அலகு மாணவனின் குடும்பம், பள்ளி, வாழிடம் எனச் சரியான இடத்திலேயே தொடங்குகிறது. பின்னர் வரலாற்றுக்கு முந்திய காலத்திற்கும் தொடக்ககால மலாய் அரசுகளுக்கும் செல்கிறது. வாழிடத்திலிருந்து நாட்டிற்குச் செல்லும் வழியைக் காட்டும் நிலப்படம் மாணவன் கையில் இல்லை.

பினாங்கு மாணவனை எண்ணிப் பார்ப்போம். 2008இல் உலக மரபுடைமைத் தகுதி பெற்ற ஜார்ஜ் டவுனில் 1801இல் நிறுவப்பட்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1833ஆம் ஆண்டைச் சேர்ந்த குயின் தெரு மகாமாரியம்மன் ஆலயமும் அண்மை அண்மையாகவே உள்ளன. சூலியா தெருவில் நாகூர் தர்கா உள்ளது. நாகூர் எங்குள்ளது, அப்பெயர் இத்தீவிற்கு எவ்வாறு வந்தது என்னும் இரு வினாக்களுக்கும் விடைகாண, மாணவன் வங்காள விரிகுடாவின் படத்தை விரித்தாக வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று சோழமண்டலக் கரையின் கப்பல்களைக் கிழக்கே கொணர்ந்ததையும், வடகிழக்குப் பருவக்காற்று அவற்றைத் திருப்பி அனுப்பியதையும் அறிய வேண்டும். மலாக்கா நீரிணையின் வடக்கு வாயிலில் இத்தீவு அமைந்திருப்பதை அறிந்தால்தான் 1786இல் பிரான்சிஸ் லைட் இதனை நாடிய காரணமும் புலப்படும். வரலாற்றின் ‘ஏன்’ என்னும் வினாவிற்கான விடையில் பாதி புவியியலிடம் உள்ளது.

பினாங்கு ஃபிரீ பள்ளியில் 1816இல் தமிழ் வகுப்புத் தொடங்கியதைக் கணக்கிற்கொண்டு, 2016இல் தமிழ்க்கல்வியின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம். அவ்வகுப்புக் கோலாலம்பூரில் தோன்றாமல் பினாங்கில் தோன்றியது ஏன் என மாணவரைக் கேட்டோமா?

தேசியக் கலைத்திட்டத்தில் ஒவ்வொரு மாநிலத்திற்கும் தனி நோக்கம் எழுத இயலாது என்பர். நாமும் உடன்படுகிறோம். திறன் பொதுவாகவே இருக்கட்டும். சான்றை வட்டாரம் தரட்டும். ‘தம் வாழிடத்திலுள்ள ஒரு சான்றை நிலப்படத்தில் குறித்து, அது அவ்விடத்தில் அமைந்த காரணத்தை ஆராய்வர்’ என்று எழுதினால் பினாங்கிற்கும் பொருந்தும், சபாவிற்கும் பொருந்தும்.

தமிழாசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியுள்ளது. வட்டார வரலாறு என்றதும் 1025இல் இராசேந்திர சோழன் கடாரம் கொண்ட பெருமையோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. பத்து வயது மாணவனுக்கு அது மனனம் செய்ய இன்னொரு செய்தி மட்டுமே. பூஜாங் பள்ளத்தாக்கு மெர்போக் ஆற்றை ஒட்டி அமைந்ததற்கு ஆறும் கடலும் கெடா மலையும் எவ்வாறு துணைபுரிந்தன என்று வினவினால் அதே செய்தி ஆய்வுக்குரியதாகும். அதற்குப் பாடநூல் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாழிடம் பற்றிய முதல் அலகிலேயே ஒரு நிலப்படத்தைச் சேர்த்துத் தொடங்கலாம்.