எஸ். வி. சுப்பையா: ஒரு துணை நடிகரின் இடம்

எஸ். வி. சுப்பையா தமிழ் நாடக, திரைப்பட நடிகர். அவருடைய பெயரின் முதலெழுத்து செங்கோட்டையைக் குறிக்கிறது. சுரண்டையிலிருந்து தென்காசி வழியாகப் பேருந்தில் சென்றால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அவ்வூரை அடையலாம். அவர் பிறந்த காலத்தில் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. சிறுவயதில் பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் நடித்து, 1940களில் திரைக்கு வந்தார். 1980இல் மறைந்தார்.

இன்று அவர் பெரும்பாலும் ஒரே வேடத்திற்காக நினைக்கப்படுகிறார். பி. ஆர். பந்துலு இயக்கிய 'கப்பலோட்டிய தமிழன்' (1961) படத்தில் அவர் பாரதியாக நடித்தார். முண்டாசும் மீசையும் வைத்தால் யாரும் பாரதி போலத் தெரிவார்கள். பள்ளி ஆண்டுவிழாக்களே சாட்சி. சுப்பையா அதற்கு மேல் செய்தார். வ.உ.சி.யாக சிவாஜி கணேசன் பல காட்சிகளில் அடக்கி நடிக்க, அவர் அருகே நிலைகொள்ளாத ஒரு மனிதராக நிற்கிறார். சும்மா நிற்கும்போதும் கண்கள் எதையோ தேடுகின்றன. வசனத்தில் மேடையின் நீட்டல் உண்டு என்பது உண்மை. ஆனால் சுப்பிரமணிய சிவாவாக நடித்த டி. கே. சண்முகமும் மேடையிலிருந்து வந்தவர் என்பதால் அந்தப் பேச்சு படத்தில் தனித்துத் துருத்துவதில்லை. வெளியானபோது படம் வசூலில் தோற்றது. பின்னர் வந்த 'பாரதி' (2000) படத்தில் மராத்தி நடிகர் சாயாஜி ஷிண்டே மிகையில்லாமல் நடித்தார். இருந்தும் பலருக்குப் பாரதி என்றால் சுப்பையாவின் முகம்தான்.

ஜெயகாந்தனின் 'கைவிலங்கு' கதையை அவரே 'காவல் தெய்வம்' (1969) என்று தயாரித்தார். கே. விஜயன் இயக்கினார். சொந்தப் படத்திலும் நாயக வேடம் தேடாமல், கைதிகளை மனிதர்களாகப் பார்க்கும் சிறை அதிகாரியாக நடித்தார். ஆனால் கௌரவ வேடத்தில் வந்த சிவாஜியின் சாமுண்டிதான் மக்கள் மனத்தில் நின்றது. துணை நடிகரின் கதி இது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. வால்டர் பிரென்னன் துணை வேடங்களுக்காக மூன்று முறை ஆஸ்கர் பெற்றார். 1957இல் தொடங்கிய 'தி ரியல் மெக்காய்ஸ்' தொலைக்காட்சித் தொடர் அவரைக் குடும்பத் தலைவராக மையத்தில் வைத்தது. சென்னையில் தொலைக்காட்சி 1975இல்தான் வந்தது. இந்திய தேசிய விருதுகளில் துணை நடிகருக்கான பிரிவு 1984ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. இரண்டும் சுப்பையாவுக்குப் பயன்படவில்லை.

அவருக்கு மிஞ்சியவை தந்தை வேடங்கள். அவற்றில் குறை சொல்லவும் இடமுண்டு. நடுங்கும் குரல், துண்டால் கண்ணைத் துடைத்தல் ஆகியவை படத்துக்குப் படம் திரும்பி வந்தன. 'ஆதி பராசக்தி'யில் (1971) அபிராமி பட்டராக வந்தபோது அந்த உருக்கம் பக்தியானதால் பொருந்தியது.

கே. பாலச்சந்தரின் 'அரங்கேற்றம்' (1973) அந்த உருக்கத்தையே கேள்விக்குள்ளாக்கியது. அதில் அவர் வறுமையில் வாடும் புரோகிதர். ஆசாரத்தை விட மாட்டார். மகளுக்குத் திருமண வயது வந்த பிறகும் வீட்டில் பிள்ளைகள் பிறந்துகொண்டிருக்கும். மூத்த மகள் லலிதா என்ன விலை கொடுத்துப் பணம் அனுப்புகிறாள் என்று அவர் அறியமாட்டார். இந்த மனிதரை வில்லனாகவோ கோமாளியாகவோ காட்டுவது எளிது. சுப்பையா அவரை நல்லவராகவே நடித்தார். அதனால்தான் அவர்மேல் நமக்கு வரும் கோபம் எளிதில் தீர்வதில்லை.