ஆசிரியர் அந்தஸ்து: ஒரு விதப்புரையும் மலையகமும்

ஆசிரியத் தொழில் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் மெழுகுவர்த்தியிலே தொடங்கி ஏணியிலே முடிப்பர். தன்னை உருக்கி ஒளி தருபவர், தான் நின்ற இடத்தில் நின்றே பிறரை ஏற்றிவிடுபவர் என்னும் இவ்வுவமைகள் எமது ஆசிரியர் தின மேடைகளில் ஆண்டுதோறும் ஒலிப்பவை. புகழ்ச்சியாகத் தோன்றும் இவற்றினுள்ளே ஒரு கொடுமை மறைந்துள்ளது. உருகுவது மெழுகுவர்த்தியின் இயல்பு எனின், அது ஏன் உருகவேண்டும் என எவரும் வினவவேண்டியதில்லை.

அவ்வினாவை உலக அரங்கில் எழுப்பிய ஆவணம், 1966 ஒக்டோபர் 5 ஆம் திகதி பாரிஸ் நகரில் அரசுகளின் மாநாடு ஏற்றுக்கொண்ட ஆசிரியர் அந்தஸ்துப் பற்றிய விதப்புரையாகும். யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழில் தாபனமும் இணைந்து உருவாக்கிய இது 146 பந்திகளைக் கொண்டது. 1994 முதல் அந்நாள் உலக ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுகின்றது. விதப்புரையின் சிறப்பு, தொடக்கத்திலேயே அது தரும் வரைவிலக்கணத்தில் உள்ளது. அந்தஸ்து என்பது இரு கூறுகளை உடையது. ஒன்று, சமூகம் ஆசிரியருக்கு அளிக்கும் மதிப்பு. மற்றையது, பிற தொழில் புரிவோருடன் ஒப்பிடுமிடத்து அவர் பெறும் வேலைநிலை, ஊதியம், ஏனைய பயன்கள் என்பன. ஒன்றை ஈந்து மற்றையதை மறுத்தால் அது அந்தஸ்து ஆகாது.

இவ்வளவுகோலை மலையகத்திற்குப் பொருத்திப் பார்ப்போம். விதப்புரை பிறந்த காலத்தில் இங்குள்ள தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலேயே இருந்தன. ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்புகளுக்கும் ஒருவரே ஆசிரியர் என்பது பொதுவான காட்சி. லயன்களில் வாழ்ந்த மக்கள் அவரை வாத்தியார் ஐயா என்று போற்றினர். கடிதமும் மனுவும் எழுத அவரையே நாடினர். துரையின் முன்னிலையிலோ அவர் தோட்டச் சிப்பந்திகளுள் ஒருவராகவே நின்றார். விதப்புரை தனியார் பாடசாலைகளுக்கும் உரியதெனினும், அது சமவாயம் போன்று அரசுகளைக் கட்டுப்படுத்துவதன்று. அதன் பெருங்குறை இதுவே.

1970களின் பிற்பகுதி தொடக்கம் அரசு இப்பாடசாலைகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்றமை ஆசிரியரின் நிலையை உயர்த்தியது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. ஆயின் பழைய மனப்பாங்கு முற்றாக மறையவில்லை. 2014, 2015 அளவில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்கள் நியமிக்கப்பட்டபோது மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாவாக இருந்தது. பின்னர் அது 10,000 ரூபாவாக்கப்பட்டது. பயிற்சி முடித்தோர் பிற்பாடு ஆசிரியர் சேவையுள் உள்வாங்கப்பட்டனர். எனினும் அதுவரை வகுப்பறையில் அவர்கள் ஆற்றிய பணி ஆசிரியருடையது. பெற்றதோ உதவியாளருக்கு உரியது. தட்டுப்பாட்டை நீக்கும் விசேட ஏற்பாடுகள் தொழிலின் தரத்தைக் குறைக்கலாகாது என்று விதப்புரை கூறுவதை இங்கு நினைவுகூரல் தகும்.

தொலைவிடங்களிற் பணிபுரிவோருக்குத் தகுந்த வீட்டு வசதி வேண்டும் எனவும் அது கூறுகின்றது. ராகலையில் வளர்ந்த எனக்கு இவ்வாசகம் ஏட்டுச் செய்தியன்று. நானுஓயாவிலிருந்து ராகலை வரை ஓடிய சிறு புகையிரதம் 1948 இல் நிறுத்தப்பட்டது; நுவரெலியாவிலிருந்து வருவோருக்குக் கந்தப்பளை வழியான பேருந்தே துணை. உயர்தரத்திற் கணிதம் பயில விரும்பியவன் நான். எமக்கு வாய்த்த கணித ஆசிரியர் திறமைசாலி. தங்குவதற்கு இடமின்றி நாள்தோறும் பயணித்து அலுத்து, ஓராண்டு நிறையுமுன் இடமாற்றம் பெற்றுச் சென்றார். அவரிடத்திற்கு எவரும் வரவில்லை. பிரியாவிடையிற் பொன்னாடை போர்த்தினோம். மெழுகுவர்த்தி என நானே பேசினேன். அவருக்கு வேண்டியிருந்தது ஓர் அறை. இன்று நான் கலைப்பீடத்தில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அவரை நான் குறை கூறேன்.

தியாகத்தாலன்றோ மலையகம் விழித்தது என்று சிலர் கேட்கலாம். அட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம் போன்றோர் ஒரு தலைமுறையையே உருவாக்கினர் என்பது உண்மை. ஆயினும் தியாகம் தனிமனிதரின் தெரிவு. அதனை நிருவாகத்தின் திட்டமாக்க எவருக்கும் உரிமையில்லை. 2021 இல் நாடெங்கும் ஆசிரியர்கள் சம்பள முரண்பாட்டை நீக்கக் கோரி இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியபோது, குருவுக்கு இது அழகா என்ற குரலும் எழுந்தது. மதிப்பைக் காட்டி ஊதியத்தை மறுக்கும் குரல் அது. ஊதியம் பற்றி அமைப்புகள் வாயிலாகப் பேரம்பேசுவது ஆசிரியரின் உரிமை என்பதை விதப்புரை 1966 இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது.

2030 ஆம் ஆண்டளவில் உலகிற்கு மேலும் 4 கோடியே 40 இலட்சம் ஆசிரியர்கள் தேவைப்படுவர் என்பது யுனெஸ்கோவின் கணிப்பு. இத்தட்டுப்பாட்டின் சுமை முதலில் இறங்குவது ராகலை போன்ற ஊர்களின் பிள்ளைகள்மீதுதான். நம்மிற் பலர் நாளை ஆசிரியராவோம். அடுத்த ஆசிரியர் தின மேடையில் மெழுகுவர்த்தியை ஏற்றுமுன், தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் விடுதிகளைக் கேட்போமாக.