செயற்கை உயிரியலும் உருவக மொழியும்: ஒரு நோக்கு

அறிவியல் ஆய்வுகளைப் பொதுமக்கள் ஆய்வுக்கூடத்தில் காண்பதில்லை, மொழியின்வழியே காண்கின்றனர். உயிரணுக்களைத் திட்டமிட்டு மாற்றியும் புதிதாகக் கட்டியும் அமைக்க முற்படும் செயற்கை உயிரியல் இதற்குத் தக்க சான்றாகும். இத்துறை பற்றிய அச்சமும் நம்பிக்கையும் பெரிதும் அதற்கு வாய்த்த உருவகங்களால் வளர்ந்தவை என்பதையும், அவற்றை மதிப்பிடத் தமிழ் அணியிலக்கண மரபு துணைநிற்கும் என்பதையும் இக்கட்டுரையில் நிறுவ விழைகின்றோம்.

2010ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் கிரேக் வெண்டர் ஆய்வுக்கழகத்தினர் ஓர் அறிவிப்பை வெளியிட்டனர். 'மைக்கோபிளாஸ்மா மைக்காய்டிஸ்' என்னும் பாக்டீரியாவின் மரபணுத்தொகுதியை, ஏறத்தாழ 10 இலட்சத்து 80 ஆயிரம் கார இணைகள் அளவில், வேதியியல் முறையில் உருவாக்கி, அதற்கு நெருங்கிய இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாவின் உயிரணுவினுள் செலுத்தினர். அவ்வுயிரணு புதிய மரபணுத்தொகுதியின்படி இயங்கிப் பெருகியது. மரபணு வரிசை பெரும்பாலும் இயற்கையில் உள்ளதன் படி. ஏற்றுக்கொண்ட உயிரணுவோ முன்னரே உயிருடன் இருந்தது.

ஆயினும் வெண்டர் அதனைக் கணினியைப் பெற்றோராகக் கொண்ட உயிரி என வருணித்தார். இதழ்கள் சில, மனிதன் கடவுளாக முயல்கின்றான் என்றும் பிராங்கன்ஸ்டைன் கதை மெய்யாகின்றது என்றும் எழுதின. அவ்வாண்டு டிசம்பரில் அதிபர் ஒபாமாவின் உயிரியல் அறநெறி ஆணையம் தன் அறிக்கையில், இப்பணி அறிவியல் நோக்கிலோ அறநோக்கிலோ உயிரைப் படைத்தலாகாது எனத் தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று.

படைப்பு உருவகம் அச்சத்தை விளைத்தது எனில், பொறி உருவகம் அளவுகடந்த எளிமையைக் காட்டியது. மரபணுத் துண்டுகள் 'உயிர்ச் செங்கற்கள்' எனவும், அவற்றை ஏற்கும் உயிரணு வண்டியின் 'அடிச்சட்டம்' எனவும் துறையினரால் அழைக்கப்பட்டன. செங்கல்லை அடுக்குவோர்க்கு அச்சம் எதற்கு என்னும் எண்ணம் இச்சொற்களுள் பொதிந்துள்ளது.

தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு ஆகிய நான்கின் அடிப்படையில் உவமை தோன்றும் என்பார். எவ்வகையில் ஒப்புமை என்று வினவும் கடமையை இப்பகுப்பு நமக்கு நினைவூட்டுகின்றது. 2006இல் ஜே கீஸ்லிங் குழுவினர், மலேரியா மருந்தாகிய ஆர்டிமிசினினுக்கு மூலமாகும் அமிலத்தை ஈஸ்ட்டைக் கொண்டு உருவாக்கினர். இத்தகைய ஈஸ்ட்டைத் தொழிற்சாலை என்பது பயன்பற்றிப் பொருந்தும். வினைபற்றி முழுதும் பொருந்தாது. எத்தொழிற்சாலையும் தானே இனம் பெருக்குவதில்லை, தலைமுறைதோறும் மாறுவதுமில்லை. கட்டுப்பாடும் பாதுகாப்பும் பற்றிய வினாக்கள் எழுவது இவ்வேறுபாட்டிலிருந்தே.

உவமைக்கும் உருவகத்திற்கும் உள்ள வேறுபாடும் இங்கு முதன்மை பெறுகின்றது. 'மலரடி' என்பதில் மலர் போன்ற அடி என்னும் இடைவெளி உண்டு. 'அடிமலர்' என்பதில் அவ்விடைவெளி நீங்கி, அடியே மலராகின்றது. மரபணு கணினி நிரல் போன்றது என்பது உவமை. மரபணுவே நிரல் என்பது உருவகம். 'போல' மறைந்தவுடன் ஒப்பாத பகுதியும் மறைந்துவிடுகின்றது. 2016இல் வெண்டர் குழுவினர் 473 மரபணுக்களே கொண்ட உயிரணு ஒன்றை அமைத்தபோது, அவற்றுள் 149இன் பணி இன்னதென்று அவர்களுக்கே விளங்கவில்லை. தாம் எழுதிய நிரலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அறியாத நிரலர் உளரோ?

இச்சிக்கல் நம் கலைச்சொற்களிலும் உண்டு. நாம் இக்கட்டுரையில் வழக்குப் பற்றி ஆண்ட 'செயற்கை' என்னும் சொல், 'இயற்கை'க்கு எதிர்நிலையில் நின்று, போலி என்னும் பொருட்சாயலையும் உடன்கொணர்கின்றது. 'தொகுப்பு உயிரியல்' என்பது மூலச்சொல்லின் ஒன்றுசேர்த்தல் என்னும் பொருளுக்கு நெருக்கமானது. எனினும் புதிதாக இயற்றுதல் என்னும் கூறினை அது மறைக்கின்றது. முழு நடுநிலையான சொல் கிட்டுவது அரிது.

எனவே உருவகத்தை விலக்குதல் நம் பரிந்துரையன்று. உருவகமின்றி இத்துறையை விளக்குதல் இயலாது. உருவகத்தை மீண்டும் உவமையாக விரித்து, ஒக்கும் இடத்தையும் ஒவ்வாத இடத்தையும் மாணவர்க்குக் காட்டுதலே வேண்டும். தேர்வுக்குரிய இலக்கணமாக மட்டும் அணியைக் கற்பித்துவரும் தமிழாசிரியர், நாளிதழின் அறிவியல் செய்தியையும் அதே வகுப்பில் வைத்து ஆராயலாம். குடிமக்கள் முடிவெடுக்க வேண்டிய ஒரு துறையில், 'போல' என்னும் ஓர் உருபினை மீட்டுத் தருதலும் கல்விப்பணியே எனக் கருதுகின்றோம்.